தாத்தா பெட்டியில் இருந்த கிஸ்மோண்டா படம்: ஒரிஜினலா? லேமினேட் பண்ணலாமா?

மாடவீதி:
எல்லாருக்கும் வணக்கம். மயிலாப்பூர் வீட்டைக் காலி பண்றோம். தாத்தாவோட தகரப் பெட்டியில, பழைய சாமி காலண்டர்களுக்கு நடுவுல ஒரு வெளிநாட்டுப் படம் இருந்தது. தலையில பூ, கையில ஓலை, ஒரு பெண் நிக்கிறாங்க. கிஸ்மோண்டா, சாரா பெர்னார்ட்னு எழுத்து. தாள் 29க்கு 40 செ.மீ. கீழே பி.எல். 27னு நம்பரும் ஷே அச்சகத்துப் பேரும் இருக்கு. மூலையில மை இல்லாம மேடா ஒரு முத்திரை. நெட்ல தேடினா கிஸ்மோண்டாங்கிறது ஒரு நாடகம், சாரா பெர்னார்ட் அதுல நடிச்ச நடிகை, இது ஓவியர் முச்சா வரைஞ்ச 1895 போஸ்டர், லட்சக்கணக்குல போகுதுன்னு வருது. ஃப்ரேம் கடைக்காரர் "ஓரத்தை வெட்டிட்டு லேமினேட் பண்ணிக் கொடுத்துடறேன் மேடம்"ங்கிறார். கொடுக்கலாமா?

திருவான்மியூர் தென்றல்:
நிஜ போஸ்டர் ஆள் உயரத்தைத் தாண்டும். உங்களுது டூப்ளிகேட். தாராளமா வெட்டுங்க.

பழைய மைக்காரன்:
வெட்டாதீங்கம்மா. கத்திரிக்கோலைத் தூரமா வைங்க, அப்புறம் பேசுவோம். ராயப்பேட்டையில ஆப்செட் மிஷின் ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான், தாளைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

தென்றல் சொன்னதுல பாதி சரி. 1895 ஜனவரி 1 அன்னிக்கு பாரிஸ் சுவர்ல ஏறின போஸ்டர் ரெண்டு மீட்டருக்கு மேல உயரம், லெமெர்சியே அச்சகத்துல அடிச்சது. உங்க தாள்ல ஷே பேர் இருக்கே, அதுலயே விஷயம் தெரிஞ்சுபோச்சு. ஆனா டூப்ளிகேட்னு சொல்றது அநியாயம்.

அந்தக் காலத்துல அங்க போஸ்டர் பைத்தியம் தலைக்கேறி இருந்தது. 1881ல பத்திரிகைச் சட்டம் வந்து போஸ்டர் ஒட்டுற கெடுபிடி தளர்ந்தது. ஷெரேன்னு ஒரு ஓவியர் கல்லச்சுல, அதாவது கல்லு மேல வரைஞ்சு அச்சடிக்கிற முறையில, கலர் கலரா அடிச்சுத் தள்ளினார். 1891ல லோத்ரெக்ங்கிற ஓவியர் மூலான் ரூஜ் நடன அரங்குக்கு வரைஞ்ச போஸ்டர் வந்தது. அதே வருஷம் சாகோன்னு ஒரு வியாபாரி போஸ்டருக்குன்னே விலைப்பட்டியல் போட்டார்னா பாருங்க. மவுண்ட் ரோட்டுல பசை காயறதுக்குள்ள போஸ்டரை உரிச்சா ஒட்டினவன் அடிக்க வருவான். அங்க ஒட்டுறவனே காசை வாங்கிக்கிட்டு கட்டுக்குள்ளேருந்து உருவிக் கொடுத்தான். காசு கொடுக்க மனசில்லாதவங்க ராத்திரியில பிளேடோட கிளம்பினாங்க. கிஸ்மோண்டாவுக்கும் அந்தக் கதிதான்.

சரி, ரெண்டு மீட்டர் தாளை வீட்டுல எங்க மாட்டறது? அதைப் புரிஞ்சுக்கிட்டுதான் ஷே அச்சகம் சேகரிக்கிறவங்களுக்குன்னே நல்ல போஸ்டர்களைச் சின்ன அளவுல திரும்ப அடிச்சது. சந்தா கட்டினா மாசம் நாலு தாள். 1895 டிசம்பர்லேருந்து 1900 நவம்பர் வரைக்கும், இனாம் தாள் 16ஐயும் சேர்த்து 256. மாசாமாசம் முதல் தாள் ஷெரேயோடது. அங்க கலைப் பொறுப்பே அவர்கிட்டதானே, விடுவாரா! அந்தக் கணக்குல உங்க பி.எல். 27ன்னா 27ஆவது தாள், அதாவது ஏழாவது மாசத்து மூணாவது தாள், 1896 ஜூன். நீங்க சொன்ன மேட்டு முத்திரையும் அந்த வரிசையோட அடையாளம்தான். அளவும் அதே. வெட்டச் சொன்ன ஓரத்துலதான் இத்தனை சாட்சியும் இருக்கு!

இருந்தாலும் ஒரு சோதனை பண்ணிடுங்க. நகை ஆசாரி கண்ணுல வைக்கிற லென்ஸை வாங்கி முகத்து மேல வெச்சுப் பாருங்க. நாலு கலர் புள்ளி ஒழுங்கா வரிசை கட்டி நின்னா நம்ம ஆப்செட் மிஷின் அடிச்சது, பிற்காலத்து நகல். புள்ளி ஒழுங்கில்லாம, சாக்பீஸ் தேய்ச்ச மாதிரி பொரபொரன்னு, ஒவ்வொரு கலரும் தனித்தனியா உட்கார்ந்திருந்தா கல்லச்சு.

காரைக்குடி மச்சுவீடு:
மைக்காரரே, அருமை. பாரிஸ்ல இது நடந்த அதே 1894-95லதான் பம்பாய்ல ரவிவர்மா அச்சகம் ஆரம்பிச்சது. அதுவும் கல்லச்சு, ஜெர்மன் டெக்னீஷியன். எங்க ஆயா வீட்டு லட்சுமி படத்துல புடவை மேல நிஜ ஜரிகையும் சமிக்கியும் ஒட்டியிருக்கும். சேகரிக்கிறவங்க "ஐயோ, படத்தைக் கெடுத்துட்டாங்களே"ம்பாங்க. எனக்கு அந்த ஜரிகைதான் பிடிக்கும். மேடம், அந்த சாமி காலண்டர்களையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க.

மாடவீதி:
எதிர்வீட்டு ஆசாரிகிட்ட லென்ஸ் வாங்கிப் பார்த்துட்டேன். கன்னத்துல புள்ளி வரிசை இல்லை, பொரபொரன்னுதான் இருக்கு! ஓரத்துல பழுப்புப் பொட்டு நாலஞ்சு இருக்கு. துடைக்கலாமா? மாட்டணும்னா எப்படி மாட்டறது?

பழைய மைக்காரன்:
சந்தோஷம்மா. பொட்டைத் தொடாதீங்க, ஈரத்துணி கிட்டவே போகக்கூடாது. லேமினேஷன் சூட்டுல ஒட்டினா பிரிக்கவே முடியாது, அது வேண்டாம். அமிலம் இல்லாத மவுண்ட் போர்டுன்னு கேட்டு வாங்குங்க. பின்னாடி பசை, செலோடேப் எதுவும் கூடாது, மூலையைச் செருகி வைக்கிற மாதிரி பண்ணச் சொல்லுங்க. கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஒட்டிக்கும். வெயில் படுற சுவரும் வேண்டாம், பாத்ரூமை ஒட்டின சுவரும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில மாசம் ஒரு தடவை கழட்டி ராமபாணப் பூச்சி இருக்கான்னு பாருங்க. கடைக்காரர் முனகினா வேற கடை பாருங்க.