நூற்றுக்குப் பத்து என்றால், எந்த நூற்றுக்கு?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கணிதம் ஒரு மொழி என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது ஓர் அழகான உவமை மட்டுமா, அல்லது அன்றாடப் பணக் கணக்குகளைச் செய்யும்போது உண்மையிலேயே கைகொடுக்கும் ஒரு பார்வையா என்பதே என் கேள்வி. பள்ளியில் நான் கணக்கில் பின்தங்கிய மாணவன் அல்ல. சமன்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டால் தீர்த்துவிடுவேன். ஆனால் அதே கணக்கு தள்ளுபடி, வரி, வட்டி என்று சொற்களில் வந்தால் தடுமாறிவிடுகிறேன்.

ஒரு பொருளின் விலையை 20 சதவீதம் உயர்த்தி, பிறகு 20 சதவீதம் குறைத்தால் பழைய விலையே வந்துவிடும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். வட்டி 4 சதவீதத்திலிருந்து 5 ஆனதை ஒருவர் "1 சதவீத உயர்வு" என்றும், மற்றொருவர் "25 சதவீத உயர்வு" என்றும் எழுதியதைப் படித்தபோது, இருவரில் ஒருவர் தவறிவிட்டார் என்றே நினைத்தேன்.

இவற்றைவிட வலிப்பது ஒரு கடன். 12,000 கடனை 12 மாதத் தவணைகளில் திருப்பித் தருவதற்கு ஒரு நிறுவனம் "ஆண்டுக்கு 10 சதவீதம்" என்றது; இன்னொரு நிறுவனம் "13 சதவீதம், குறையும் நிலுவை மீது" என்றது. 10 என்பது 13-ஐவிடச் சிறியது என்ற ஒரே காரணத்தால் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். வட்டி 1,200 சேர்த்து மாதம் 1,100 கட்டுகிறேன். இரண்டாவதே மலிவானது என்று இப்போது சொல்கிறார்கள். என் கூட்டல் கழித்தலில் பிழை எதுவும் இல்லை. பிறகு எங்கே தவறினேன்?

மறுமொழி 1

நண்பரே, நீங்கள் தவறியது கணக்கில் அல்ல, வாசிப்பில். "சதவீதம்" என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள்: சதம் என்றால் நூறு, வீதம் என்றால் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்ற அளவு. ஆகவே "20 சதவீதம்" என்பது தனித்து நிற்கும் எண் அல்ல. "நூற்றுக்கு இருபது வீதம்" என்று தொடங்கி, முடிக்கப்படாமல் விடப்பட்ட ஒரு தொடர். "எதில்?" என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அந்தத் தொடருக்குப் பொருள் இல்லை. "வந்தான்" என்று மட்டும் சொன்னால் யார் என்று கேட்கிறோம் அல்லவா? சதவீதத்தைக் கண்டால் மட்டும் ஏனோ அப்படிக் கேட்பதில்லை.

உங்கள் விலைக் கணக்கில் பழைய விலை 1,000 என்று வைத்துக்கொண்டால், உயர்வு 1,000-இல் 20 சதவீதம். குறைப்போ 1,200-இல் 20 சதவீதம். எண் ஒன்றுதான், அது குறிக்கும் அடிப்படைத் தொகை மாறிவிட்டது. 200 கூடி 240 குறைந்தால் 960 மிஞ்சும்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க நான் கையாளும் வழி, கூட்டல் கழித்தலாக ஒலிக்கும் சொற்களைப் பெருக்கலாக மாற்றி எழுதிவிடுவது. "20 சதவீதம் கூடியது" என்பதை 1.2 மடங்கு என்றும், "20 சதவீதம் குறைந்தது" என்பதை 0.8 மடங்கு என்றும் எழுதுகிறேன். 1.2 × 0.8 = 0.96 என்று எழுதியவுடன், பழைய விலை திரும்பாது என்பதைத் தாளே சொல்லிவிடுகிறது. பெருக்கலில் வரிசை மாறினாலும் விடை மாறாது என்பதால், 10 சதவீதத் தள்ளுபடிக்குப் பின் 5 சதவீத வரி சேர்த்தாலும், வரியைச் சேர்த்தபின் தள்ளுபடியைக் கழித்தாலும், 1,000-க்கு வாங்குபவர் தரும் மொத்தம் 945 என்பதும் உடனே புலப்படும். (ஆனால் வரியாகப் போகும் பங்கு முதல் வகையில் 45, இரண்டாம் வகையில் 50. வாங்குபவருக்கு ஒன்றுதான், விற்பவருக்கும் வரி பெறுபவருக்கும் ஒன்றல்ல.)

எதிர்த்திசையில் வாசிக்கும்போதுதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 5 சதவீத வரி உட்பட விலை 1,050 என்றால், வரி இல்லாத விலையைக் காண 1,050-இல் 5 சதவீதமான 52.50-ஐக் கழிக்கிறார்கள், கிடைப்பது 997.50. வரி கணக்கிடப்பட்டது 1,050 மீது அல்ல, அதற்கு முந்தைய விலை மீது. ஆகவே 1.05-ஆல் வகுக்க வேண்டும்; 1,000 வரும்.

4 சதவீதம் 5 ஆன செய்தியில் இருவர் சொன்னதும் சரிதான். 4-க்கும் 5-க்கும் உள்ள இடைவெளி 1 சதவீதப் புள்ளி. பழைய வட்டியான 4-ஐ அடிப்படையாகக் கொண்டால் உயர்வு 25 சதவீதம். முதலாமவர் "புள்ளி" என்ற சொல்லை விட்டுவிட்டார், அவ்வளவே.

மறுமொழி 2

கடன் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் முன்பு ஒருமுறை நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன்.

உங்களுக்குச் சொல்லப்பட்ட 10 சதவீதம், வழக்கில் ஃபிளாட் வட்டி எனப்படுவது. முதல் நாள் வாங்கிய 12,000 முழுவதும் ஆண்டின் கடைசி நாள்வரை உங்கள் கையிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டு, அதன் மீது 10 சதவீதமாக 1,200 கணக்கிட்டு, 13,200-ஐப் பன்னிரண்டால் வகுத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் அசலில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துகொண்டே வருகிறீர்கள். பதினோராவது தவணையைக் கட்டிய பிறகு அவர்களுடைய பணத்தில் ஏறத்தாழ ஆயிரம்தான் உங்களிடம் இருக்கும். அப்போதும் வட்டி மட்டும் 12,000-க்கே கணக்காகிறது.

உண்மையான வட்டியைக் காண, அந்தந்த மாதம் மிஞ்சியிருக்கும் நிலுவைக்கு மட்டும் வட்டி போட வேண்டும்; "குறையும் நிலுவை மீது" என்பதன் பொருள் இதுதான். மாதம் ஒன்றரை சதவீதம், அதாவது ஆண்டுக்கு 18 என்று வைத்துப் பார்ப்போம். முதல் மாத வட்டி 12,000-இல் ஒன்றரை சதவீதமான 180. நீங்கள் கட்டும் 1,100-இல் அதைக் கழித்தால் 920 அசலுக்குப் போகும், நிலுவை 11,080. இரண்டாம் மாத வட்டி 166.20, அசலுக்குப் போவது 933.80, நிலுவை 10,146.20. இப்படியே பன்னிரண்டு வரிகள் எழுதிக்கொண்டு போனால், கடைசித் தவணையில் கடன் ஓரிரு அலகு வித்தியாசத்தில் தீர்ந்துவிடும். ஆகவே உங்கள் "10 சதவீதம்", இரண்டாம் நிறுவனம் பேசிய மொழியில் ஏறத்தாழ 18 சதவீதம்.

இரண்டாம் நிறுவனத்தின் 13 சதவீதத்தை இதே முறையில் கணக்கிட்டால் மாதத் தவணை சுமார் 1,072, ஆண்டு முழுவதற்கும் வட்டி சுமார் 862. நீங்கள் கட்டும் 1,200-உடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதே 10 சதவீதத்தைக் குறையும் நிலுவை மீது கணக்கிட்டிருந்தால் தவணை 1,055 என்ற அளவிலும், மொத்த வட்டி 660 என்ற அளவிலும் முடிந்திருக்கும்.

கால்குலேட்டர் இல்லாதபோது மனக்கணக்காகப் பார்க்க ஒரு வழி உண்டு. அசல் மாதம் 1,000 வீதம் சீராகக் குறைவதாகக் கொண்டால், நிலுவை 12,000, 11,000 என்று இறங்கி 1,000-இல் முடியும், சராசரி 6,500. வட்டி 1,200-ஐ 6,500-ஆல் வகுத்தால் 18.46 சதவீதம். உண்மையில் தொடக்கத் தவணைகளில் வட்டியின் பங்கு பிந்தைய தவணைகளைவிடக் கூடுதலாக இருப்பதால் அசல் முதலில் சற்று மெதுவாகவே கரைகிறது. அதனால் சராசரி நிலுவை 6,500-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாகவும், வட்டி வீதம் 18-ஐ ஒட்டியும் அமைகிறது. ஃபிளாட் வட்டியைக் கேட்டதும் அதை இரண்டால் பெருக்கிச் சற்றே குறைத்துக்கொள்வது என் பழக்கம். மாதத் தவணைக் கடன்களுக்கு இந்தத் தோராயம் பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. மாதம் ஒன்றரை சதவீதத்தைப் பன்னிரண்டால் பெருக்கி 18 என்கிறோம். அந்த வட்டியைக் கட்டாமல் விட்டு, அது அசலோடு சேர்ந்து தானும் வட்டி ஈனத் தொடங்கினால், ஓராண்டில் 1.015-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கிக் கிடைக்கும் 1.1956 மடங்காகும், அதாவது 19.56 சதவீதம். நான்கு ஆண்டுகள் விட்டுவைத்தால் 2.04 மடங்கு, இரட்டிப்புக்கும் மேல். ஆக, ஒரே கடனை 10 என்றும் 18 என்றும் 19.56 என்றும் சொல்ல இயலும். மூன்றும் கணக்குப்படி சரியானவை, ஒவ்வொன்றும் "எதில்?" என்பதற்கு வேறு விடையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறது. பொய் சொல்லாமலேயே ஒருவரைத் தவறாக எண்ணவைக்க இது போதும் என்பதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

மறுமொழி 3

முந்தைய இருவரும் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "கணிதம் ஒரு மொழி" என்பதை அப்படியே ஏற்கத் தயங்குகிறேன். மொழியில் ஒரு வாக்கியத்தைச் சொல்லலாம். அந்த வாக்கியத்தைப் பிடித்துத் திருப்பி, பொருள் கெடாமல் அடுத்த வாக்கியத்தைத் தானாக வரவழைக்க முடியாது. குறியீட்டில் அது முடிகிறது. 1,050 = 1.05 × விலை என்று எழுதிவிட்டால், இருபுறமும் 1.05-ஆல் வகுப்பதற்கு வரியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே அதை மொழி என்பதைவிட, மொழியிலிருந்து பிறந்த ஒரு கருவி என்பேன்.

பிறந்த கதையும் அப்படித்தான் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி இயற்கணிதத்தை எழுதியபோது அதில் குறியீடே கிடையாது. வாரிசுப் பங்கீடு, வணிகம் உட்பட அனைத்தும் முழுக்க உரைநடையில். கூட்டல், கழித்தல் குறிகள் அச்சில் முதலில் தோன்றியது 1489-இல், யோகான்னஸ் விட்மனின் வணிகக் கணக்கு நூலில். அங்கே அவை மிகுதியையும் குறைவையும் காட்டும் அடையாளங்களாக வந்தன. "சமம்" என்று திரும்பத் திரும்ப எழுதிச் சலித்த கணித அறிஞர் இராபர்ட் ரெக்கார்டு, 1557-இல் இரண்டு இணைகோடுகளைப் போட்டு, இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார்.

குறை எண்களின் கதை இன்னும் பொருத்தமானது. பிரம்மகுப்தர் கி.பி. 628-இலேயே நேர் எண்ணைத் தனம் என்றும், குறை எண்ணைக் கடன் என்ற பொருளில் ருணம் என்றும் வழங்கி, கடனைக் கடனால் பெருக்கினால் தனம் என்று விதித்தார். பள்ளியில் எனக்கு விளங்காத ஒன்று இது. தலைக்கு 100 வீதம் மூன்று கடன்களை ஒருவர் உங்கள் தோளிலிருந்து நீக்கிவிட்டால் உங்கள் நிலை 300 மேம்படுகிறது; (−3) × (−100) = 300. நீக்குதல் ஒரு குறை, கடன் இன்னொரு குறை. பணக் கணக்கில் பழகிய சொற்களிலிருந்தே அந்த விதி எனக்குப் பொருள்பட்டது, பாடநூலிலிருந்து அல்ல.

எனவே கேள்வி கேட்டவருக்கு என் கருத்து: உங்களுக்குக் குறியீட்டுப் பகுதி நன்றாகவே வருகிறது, சொற்களிலிருந்து குறியீட்டுக்குக் கடக்கும் அந்த ஓரடிப் பாலம்தான் பழகவில்லை. முதல் மறுமொழியாளர் சொன்ன "எதில்?" என்பதோடு "எவ்வளவு காலத்துக்கு?" என்பதையும் கேட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு அந்தப் பன்னிரண்டு வரிகளையும் கையாலேயே எழுதிப் பார்த்தேன். கடைசி வரியில் இரண்டு அலகு மட்டும் நிலுவை நின்றது. ஆகவே 18-ஐவிட ஒரு நூலிழை குறைவு என்று புரிந்துகொண்டேன்.

எழுதும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. கடன் தந்த அன்று செயலாக்கக் கட்டணம் என்று 240-ஐப் பிடித்துக்கொண்டு, 11,760 மட்டுமே கணக்கில் வரவு வைத்தார்கள். அது ஒரு தடவைச் செலவுதானே என்று வட்டியோடு சேர்த்துப் பார்க்கவில்லை. சேர்த்துப் பார்க்க வேண்டுமா?

மறுமொழி 2 எழுதியவர்

கட்டாயம் சேர்க்க வேண்டும். "எதில்?" என்ற கேள்விக்கு விடையே இப்போது மாறிவிட்டது: நீங்கள் பெற்றது 12,000 அல்ல, 11,760. முதல் வரியில் அந்தத் தொகையை எழுதி, தவணையை 1,100 என்றே வைத்துக்கொண்டு, கடைசி நிலுவை பூச்சியமாகும்வரை மாத வட்டியை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் இதற்கென்றே ரேட் என்ற சூத்திரம் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது மாதத்துக்கு 1.82 சதவீதம், ஆண்டுக்குப் பன்னிரண்டு மடங்காக 22-ஐ ஒட்டி வருகிறது. அந்த 13 சதவீதக்காரரும் கட்டணம் ஏதேனும் பிடித்திருப்பாரா என்று விசாரித்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள்.