நிலத்தடி நீரைச் செயற்கைக்கோளால் அளக்க முடியுமா?

கேள்வி (புவியியல் மாணவி):
பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் மாநிலங்களில் நிலத்தடி நீர் குறைந்துவருவதைக் கிரேஸ் செயற்கைக்கோள்கள் காட்டியதாகப் படித்தேன். ஏரியையும் காட்டையும் படம் பிடிக்கலாம். பாறைக்கு அடியில் இருக்கும் நீரை விண்ணிலிருந்து எப்படி அறிகிறார்கள்? தமிழ்நாட்டில் உள்ள எங்கள் ஒன்றியத்துக்கும் இதே முறை பயன்படுமா?

பதில் 1:
கிரேஸ் அளப்பது பூமியின் ஈர்ப்புவிசையை. சொல்லப்போனால், அது நிலத்தை எடைபோடுகிறது. 2002 மார்ச்சில் ஏவப்பட்ட இரண்டு செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிவந்தன. கீழே நிறை மிகுந்த பகுதி வரும்போது முன்செல்லும் கோள் முதலில் ஈர்க்கப்படுவதால் இடைவெளி மாறும். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய அந்த மாற்றத்தையும் நுண்ணலைக் கருவி பதிவுசெய்துவிடும். மாதந்தோறும் கிடைக்கும் ஈர்ப்பு வரைபடங்களை ஒப்பிட்டு, மண்ணின் ஈரம் போன்றவற்றின் பங்கைக் கழித்தால், நிலத்தடி நீர் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பது தெரியும்; மொத்த இருப்பு தெரியாது. 2009இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை நீங்கள் சொன்ன பகுதி 109 கன கி.மீ. நிலத்தடி நீரை இழந்ததாக மதிப்பிட்டது. அந்த ஆண்டுகளில் மழை ஏறக்குறைய வழக்கம்போலவே பெய்திருந்தும் பாசனத்துக்கு இறைத்ததாலேயே இவ்வளவும் போயிற்று என்பது எனக்குப் பெருங்கவலை தருகிறது.

பதில் 2:
ஒன்றிய அளவுக்கு இது உதவாது. கிரேஸ் பிரித்தறியும் மிகச்சிறிய பரப்பு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ச.கி.மீ.; தமிழ்நாடு முழுவதுமே சுமார் 1,30,000 ச.கி.மீ.தான். 2018இல் ஏவப்பட்ட அடுத்த கிரேஸ் இணைக்கும் ஏறக்குறைய இதே வரம்புதான்.

பதில் 3:
அப்படியானால், 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள் பயன்படாதா? நீரை இறைப்பதால் நிலம் தாழ்வதை அதன் ரேடார் நுட்பமாக அளக்குமே.

பதில் 2 எழுதியவர்:
மெக்சிகோ நகரத்தைப் போலக் களிமண் படிவுகள் அமுங்கும் இடங்களில் அது மிகவும் பயன்படும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடும்பாறை. அங்கே விரிசல்களில் உள்ள நீர் வற்றினாலும் தரை அவ்வளவாகத் தாழாது. எனவே மாணவி முதலில் தம் பகுதியின் கண்காணிப்புக் கிணறுகளில் பதிவான நீர்மட்ட அளவுகளைத் திரட்டட்டும். பிறகு, 10 மீட்டர் நுணுக்கம் கொண்ட சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் கோடையில் பசுமையாக இருக்கும் வயல்களைக் குறித்து, அந்த நீர்மட்டத்தோடு ஒப்பிட்டால், எந்த ஊர்களில் இறைப்பு மிகுதி என்பதை ஓரளவு கணிக்கலாம்.