விதையில் தோன்றிய லிம்போமா: அகற்றிய பிறகும் முதுகில் ஊசி எதற்கு?

கேள்வி (குடியாத்தம்):
என் தந்தையாருக்கு வயது 67. லுங்கித் தறியிலேயே காலத்தைக் கழித்தவர். வலது விதை வலியில்லாமல் வீங்கியதை விரைவீக்கம் என்று எண்ணியும், சொல்லக் கூச்சப்பட்டும், ஐந்து மாதங்கள் எங்களிடம் மறைத்துவிட்டார். வேலூரில் அந்த விதையை அகற்றிப் பரிசோதித்ததில், பரவலான பெரிய பி செல் லிம்போமா (இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்களில் தோன்றும் புற்றுநோய்; ‘பரவலான’ என்பது வகையின் பெயரே) என்று முடிவு வந்தது. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டவில்லை, உடலெங்கும் நோயைத் தேடும் பெட் சி.டி. ஸ்கேனிலும் வேறெங்கும் நோய் தென்படவில்லை. ஆயினும் ஆறு முறை கீமோ, முதுகுத்தண்டில் மருந்து, நலமாக உள்ள இடது விதைக்குக் கதிர்வீச்சு ஆகிய மூன்றும் தேவை என்கிறார்கள். இவ்வளவும் வேண்டுமா?

மறுமொழி (ராணிப்பேட்டை, புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்):
வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அறுபது வயதைக் கடந்த ஆண்களின் விதையில் தோன்றும் புற்றுநோய்களில் லிம்போமாவே மிகுதி. இரத்தத்தில் உள்ளவை எளிதில் உட்புகாதவாறு மூளைக்கும் விதைக்கும் இயற்கையே ஒரு தடுப்பை வைத்திருப்பதால், நரம்பு (இரத்தக் குழாய்) வழியே ஏற்றும் மருந்து அங்கே போதிய அளவு சென்று சேர்வதில்லை. அதனால்தான் இந்த நோய், உடலின் மற்ற பகுதிகளில் அடங்கிய பின்னும், சில வேளைகளில் பல ஆண்டுகள் கழித்துக்கூட, மூளையிலோ மறுபக்க விதையிலோ மீண்டும் தலைகாட்டுகிறது. முதுகில் செலுத்தும் மெதோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்து மூளையைச் சூழ்ந்த நீரில் கலப்பதற்காக. சிலருக்கு அதே மருந்தை அதிக அளவில் நரம்பு வழியாகத் தருவதும் உண்டு. கதிர்வீச்சுக்குப் பின் ஆண் ஹார்மோன் குறையலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

மறுமொழி (ஆம்பூர்):
என் தாயாருக்கு இதே வகை நோய் இரைப்பையில் வந்தது. 21 நாட்களுக்கு ஒரு முறை ஆர்-சாப் என்ற கூட்டு மருந்தை ஏற்றினார்கள். அதிலுள்ள ரிடக்ஸிமாப், உடலில் அடங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை எழுப்பிவிடக்கூடும் என்பதால், முதல் தவணைக்கு முன்பே அந்த இரத்தச் சோதனையும், அதிலுள்ள இன்னொரு மருந்தான டாக்ஸோரூபிசின் இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இதய எக்கோவும் எடுக்கப்பட்டனவா என்று பாருங்கள். இடையில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் வீட்டில் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இடது பக்கத்தைத் தொடவே கூடாது என்று நேற்றுவரை மறுத்த தந்தையாருக்கு இவற்றைப் படித்துக் காட்டினேன்; இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். எக்கோ எடுத்தாகிவிட்டது, ஹெபடைடிஸ் சோதனையின் முடிவு எங்கள் கோப்பில் இல்லை என்பதால், திங்கட்கிழமை அதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.