கோடைக்கு லாரி போதுமா, ஆள் வேண்டுமா? சேலம் மாநகராட்சி பட்ஜெட்

கிச்சிப்பாளையத்தான்:
பட்ஜெட் பேச்சு வந்தாலே நம் ஊரில் ஒரே பல்லவிதான்: சம்பளச் செலவைக் குறை, மிச்சத்தைத் தண்ணீருக்குப் போடு. எனக்கு இது புரியவே இல்லை. வறட்சியில் தண்ணீர் விநியோகம் என்பதே ஆள் வேலைதானே? மேட்டூரிலிருந்து ஏற்றிக் கொண்டுவரும் தண்ணீரை 60 வார்டுக்கும் முறை வைத்து விட வேண்டும். வால்வு திருப்ப ஆள், கசிவு பார்க்க ஃபிட்டர், குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்களைப் பிடிக்க ஆள். இவர்களை எடுக்காமல் லாரிக்கு டெண்டர் விடுவது எப்படிச் சிக்கனம் ஆகும்?

அஸ்தம்பட்டி கணக்கு:
வறட்சி வருடா வருடம் வருவதில்லை அண்ணே. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். 2024-ல் வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறக்க முடியவில்லை. ஆனால் அதே வருடம் ஜூலை முடிவதற்குள் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது. ஒரு கோடைக்காக ஒருவரை நிரந்தரமாக எடுத்தால், அவர் ஓய்வு பெறும்வரை சம்பளம், அகவிலைப்படி எல்லாம் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் லாரி வாடகை நின்றுவிடும்.

கிச்சிப்பாளையத்தான்:
அணை நிரம்பியதும் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறிவிடுமா? பாசனத்துக்குத் திறக்க முடியாத வருடத்திலும் குடிநீருக்கு எடுக்கத்தான் செய்கிறார்கள். ஊருக்குள் அதை எப்படிப் பங்கு வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

குகை ஃபிட்டர் (ஓய்வு):
நான் வேறு மாவட்டத்தில் ஒரு நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் இருந்தவன். கணக்கு சார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி பாதிதான் நிறைந்தால் அழுத்தம் குறையும். வால்வை முழுக்கத் திறந்து விட்டால் பள்ளத்துத் தெருக்காரர்கள் முதலில் பிடித்துவிடுவார்கள். மேட்டில் வெறும் காற்றுதான் வரும். அதனால் பள்ளத்து வால்வை இத்தனை சுற்று மட்டும் திறந்து, நடுவில் ஒருமுறை போய் மூடி, மேட்டுக்குத் திருப்பிவிட வேண்டும். எந்த வால்வு எத்தனை சுற்று என்பது கை சொல்லும், வரைபடம் சொல்லாது. தார் ரோடு போட்டு மூடிய வால்வுகள் எந்த ஊரில்தான் இல்லை?

இன்னொன்றும் உண்டு. தண்ணீர் விடாத நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். ஓட்டை இருந்தால் பக்கத்துச் சாக்கடையை அது உள்ளே இழுக்கும். கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வறட்சியில் இந்த வேலை கூடுமே தவிரக் குறையாது. ஒப்பந்த ஆள் பாவம், எல்லாவற்றையும் கற்றுக்கொள்வதற்குள் காண்டிராக்டர் மாறிவிடுகிறார், ஆளும் மாறிவிடுகிறார்.

அஸ்தம்பட்டி கணக்கு:
ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கை அனுபவத்தை நம்பியே எத்தனை காலம் ஓட்டுவது? தொட்டியில் சென்சார், வால்வுக்கு மோட்டார், வீட்டுக்கு மீட்டர். ஒருமுறை செலவு, அதோடு முடிந்தது.

செவ்வாய்பேட்டை:
இங்கேதான் பணத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 15வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை பத்து லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டது. மீதி 40 சதவீதம் உங்கள் இஷ்டம், ஆனால் சம்பளத்துக்குத் தொடக்கூடாது என்றது. சேலம் 2011 கணக்கெடுப்பில் சுமார் 8.3 லட்சம், ஆகவே நாம் இந்த வரிசைதான். குழாய்க்கும் சென்சாருக்கும் மானியம் உண்டு. சென்சாரைத் துடைக்கிற ஆளுக்கு நம் சொத்து வரியிலிருந்துதான் தர வேண்டும். அந்த வரியை 2022-ல் ஏற்றியபோது ஊர் என்ன சத்தம் போட்டது என்று நினைவிருக்கும்.

அப்புறம், மாமன்றத்தையே திட்டிக்கொண்டிருப்பதில் பாதி வீண். நிரந்தரப் பணியிடம் உருவாக்க அரசு அனுமதி வேண்டும். 2022-ல் வந்த அரசாணை 152, சென்னை தவிர்த்த மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றி அமைத்து, பல வேலைகளை வெளியாட்களிடம் விட வழி செய்தது. தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள்.

கிச்சிப்பாளையத்தான்:
அதற்காக மாமன்றம் கை கட்டி உட்கார வேண்டுமா? டெண்டர் நிபந்தனையை எழுதுவது யார்? காண்டிராக்டர் மாறினாலும் வால்வு ஆள் அதே வார்டில் தொடர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாமே.

கன்னங்குறிச்சி ஏரிக்கரை:
எல்லோரும் மேட்டூரையே பார்க்கிறீர்கள். ஏற்காட்டு மலையில் பெய்கிற மழை நம் புது ஏரிக்கும் மூக்கனேரிக்கும்தான் இறங்குகிறது. சேலத்தின் குடிநீருக்கென்றே 1911-ல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரியில் சீமைக் கருவேலம் காடாக மண்டியது தெரியாதா? ஏரியையும் வாய்க்காலையும் காவல் பார்க்க நீர்க்கட்டி என்று ஒரு ஆள் இருந்த காலத்தில் வரத்து வாய்க்காலில் ஒருவன் மண் கொட்டிவிட முடியாது. பட்ஜெட்டில் அந்த ஆளுக்கு எந்தத் தலைப்பில் சம்பளம் எழுதுவீர்கள்?

அஸ்தம்பட்டி கணக்கு:
ஏரியைத் தனி விவாதமாக வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் இது முடியாது. டெண்டர் நிபந்தனைக்கு நானும் சரி என்கிறேன். ஐயா, ஒரு ஆள் எத்தனை வால்வு பார்க்கலாம்? அதைச் சொன்னால் எத்தனை பேர் தேவை என்று போட்டுப் பார்த்துவிடலாம்.

குகை ஃபிட்டர் (ஓய்வு):
வால்வை எண்ணிச் சொல்ல முடியாது சார். தண்ணீர் விடும் நேரத்தில், ஒரு தொட்டிக்குக் கீழே ஒரே சமயத்தில் எத்தனை இடத்தில் ஆள் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தொட்டி வாரியாக விநியோக நேர அட்டவணை கிடைத்தால் போட்டுத் தருகிறேன்.

அஸ்தம்பட்டி கணக்கு:
தகவல் உரிமைச் சட்டத்தில் நான் கேட்டு வாங்குகிறேன். நிரந்தரப் பணிக்கு மட்டும் இப்போதும் என் ஓட்டு இல்லை.