‘ஸூக்மா’ - தீவக அணியா, நுகவணியா?

> ‘ஸூக்மா’வைத் தீவக அணி என்றே சொல்லிவிடலாமே? ஒரு சொல் பல இடங்களில் போய்ப் பொருந்துவதுதானே இரண்டும்?

ஐயா, ‘ஸூக்மா’ (zeugma) என்ற ஆங்கில அணிக்குத் தமிழ்ப் பெயராக, கலைச்சொல் பட்டியலில் நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். எடுத்துக்காட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்ததும் அடித்துவிட்டேன். தீவக அணிக்குத் தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல் காட்டும் பாட்டில் ‘சேந்தன’ (சிவந்தன) என்ற ஒரே சொல் வேந்தனின் கண், பகைவரின் தோள், திசை, அம்பு, பறவை என்று எல்லாவற்றோடும் போய்ச் சேர்கிறது. கண் சினத்தால் சிவந்தது, தோள் குருதியால் சிவந்தது. காரணம் வேறு, சிவப்பு ஒன்றுதான். ஆங்கில அணியிலோ சொல்லின் பொருளே நடுவழியில் மாறிவிடுகிறது. ‘ஹி லாஸ்ட் ஹிஸ் ஹேட் அண்ட் ஹிஸ் டெம்பர்’ என்றால் தொப்பி தொலைந்தது, பொறுமை போனது. ‘லாஸ்ட்’ ஒன்று, வேலை இரண்டு. சிரிப்பு வருவதே அங்கேதான்.

தமிழிலும் இது வரும்: ‘விளக்கையும் குழந்தையையும் அணைத்தாள்.’

> அப்படியானால் இரட்டுற மொழிதல்?

இரட்டுற மொழிதலில், அதாவது சிலேடையில், அதே தொடரை இரண்டு விதமாகவும் படிக்கலாம். இங்கே விளக்குக்கு ஒரு பொருள், குழந்தைக்கு ஒரு பொருள். மாற்றிப் படிக்க இடமில்லை, நல்லவேளையாக!

கிரேக்கத்தில் ‘ஸூக்மா’வுக்கு நுகத்தில் பூட்டுதல் என்று பொருள். அதனால் என் பரிந்துரை ‘நுகவணி’. ‘பூட்டணி’யையும் யோசித்தேன், செய்யுளின் முதற்சொல்லையும் கடைசிச் சொல்லையும் இணைத்துப் பொருள் கொள்ளும் ‘பூட்டுவிற் பொருள்கோள்’ ஏற்கெனவே இருப்பதால் குழப்பும்.

> நுகத்தில் பூட்டிய இரண்டு மாடும் ஒரே திசையில்தானே இழுக்கும்?

நியாயமான கேள்வி. சோடி சேராத இரண்டை ஒரே நுகத்தில் பூட்டுவதுதான் இந்த அணியின் குறும்பு. பெயரிலேயே அது தெரிய வேண்டும் என்றால் பெயர் ஒரு முழ நீளம் போய்விடும். ‘தீவகம்’ என்றாலும் வெறும் விளக்குதானே? மிச்சத்தை உரைதான் சொல்கிறது.

இன்னொன்று, உங்கள் பக்கமும் பாதி சரி. ஆங்கில நூல்கள் சிலவற்றில் பொருள் மாறாததையும் ‘ஸூக்மா’ என்றே சொல்கிறார்கள். மாறுவதை மட்டும் ‘சிலெப்ஸிஸ்’ என்று பிரிக்கிறார்கள். மாறாத வகைக்குத் தீவகமே போதும், புதுச்சொல் தேவையில்லை. ஆகவே பட்டியலில் ‘ஸூக்மா’வுக்கு எதிரே இரண்டையும் போடலாம்: பொருள் மாறாவிட்டால் தீவகம், மாறினால் நுகவணி. ‘சிலெப்ஸிஸ்’ வரும் இடத்தில் ‘நுகவணி காண்க’ என்று மட்டும் இருக்கட்டும்.

சரிதானா, சொல்லுங்கள். ‘அணைத்தாள்’ போல வேறு வினைகள் கிடைத்தாலும் அனுப்புங்கள். ‘பேனாவும் அடியும் வாங்கினான்’ என்பதைத் தாண்டி எனக்கு இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.