சம்பளம் கூடினால் உதவித்தொகை போய்விடுமா? கணக்கு போடுவது எப்படி?

நிலவன்
குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் தன்னார்வலர்களுக்காக ஒரு வழிகாட்டி தயாரிக்கிறோம். அதிகம் வரும் கேள்வி: "கூடுதல் நேரம் வேலை பார்த்தால் கைக்கு வருவது குறையுமா?" பதில் சொல்ல எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கணக்குப்புலி
முதலில், வருமானம் கூடும்போது உதவி எப்படி நின்றுபோகிறது என்று பாருங்கள். சில திட்டங்களில் வரம்பைத் தாண்டினால் மொத்தமும் போச்சு. வரம்பு 1,000, உதவி 150 என்று வையுங்கள். 990 சம்பாதிப்பவர் கையில் 1,140 இருக்கும். சம்பளம் 40 கூடினால் 1,030தான், 110 நஷ்டம். பழைய நிலைக்கு வரவே சம்பளம் 1,140 ஆக வேண்டும். இடையில் கிடைக்கும் எந்த உயர்வும் அவருக்கு இறக்கம்தான். இப்படிப்பட்டவர் கூடுதல் ஷிஃப்ட் வேண்டாம் என்றால் அதைச் சோம்பல் என்று சொல்லாதீர்கள்.

மற்ற வகையில் உதவி படிப்படியாகக் குறையும். குறைந்த வருமானக்காரர்களுக்கு பிரிட்டன் அரசு தரும் மாத உதவியான யுனிவர்சல் கிரெடிட்டில் வரி, காப்பீட்டுப் பிடித்தம் போக மிஞ்சும் சம்பளத்தில் 55% உதவியிலிருந்து கழியும். கூடுதலாக 100 பவுண்டு சம்பாதித்தால் 20% வரியும் 8% காப்பீடும் போக 72. அதில் 55% என்றால் 39.60. கையில் நிற்பது 32.40. குழந்தை உள்ள குடும்பங்களுக்குக் குறிப்பிட்ட தொகை வரை இந்தக் கழிவு கிடையாது. அதை விட்டுவிட்டுக் கணக்கு போட்டால் விடை தப்பாக வரும்.

தென்றல்
ஒரு திட்டத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கிணறுதான் தாண்டியது. சிக்கல் திட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும்போதுதான் வருகிறது. கூடுதலாகச் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூற்றுக்கும் உணவு உதவியில் 24, வாடகை உதவியில் 30 குறைகிறது, வரியும் பிடித்தமும் 15 என்று வையுங்கள். தனித்தனியே பார்த்தால் எதுவும் பெரிதில்லை. சேர்த்தால் 69 போய் 31தான் மிச்சம். அதிலிருந்துதான் பயணச் செலவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் செலவும். கூடுதல் நேரத்துக்கு அந்த ஆள் செலவும் கூடுமே, அதைப் பலர் கழிக்க மறக்கிறார்கள்.

நடுநிலை
@தென்றல் கணக்கு சரி. ஆனால் "உதவி கொடுத்தால் உழைக்க மாட்டார்கள்" என்ற முடிவுக்கு யாரும் தாவ வேண்டாம். வளரும் நாடுகள் ஆறில் நடந்த ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் திட்டங்கள் பற்றிய ஏழு சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வில், வேலை குறைந்ததற்குத் திட்டவட்டமான சான்று கிடைக்கவில்லை. அமைப்பு எப்படி என்பதே முக்கியம். அமெரிக்காவில் 1975இல் வந்த உழைப்பு வருமான வரிச்சலுகையில், இரண்டு குழந்தை உள்ளவருக்கு ஓர் அளவு வரை ஒவ்வொரு 100 டாலர் சம்பளத்துக்கும் 40 டாலர் சேரும். வருமானம் இன்னும் ஏறினால்தான் மெல்லக் குறையும். வேலைக்குப் போவதையே அது ஊக்குவிக்கிறது. குறை: வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகத்தான் வரும், மாத வாடகைக்கு உதவாது.

கணக்குப்புலி
வழிகாட்டியில் இதையும் சேருங்கள் @நிலவன். வரம்பு மொத்தச் சம்பளத்துக்கா, பிடித்தம் போனதற்கா? தனியாளுக்கா, வீட்டுக்கா? சேமிப்புக்கு வரம்பு உண்டா? எந்தக் காலத்து வருமானத்தைப் பார்க்கிறார்கள்? நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவருக்கு வருடத்தில் 13 சம்பளம். ஏதோ ஒரு மாதம் இரண்டு சம்பளம் விழும். மாதக் கணக்கு பார்க்கும் திட்டத்தில் அந்த மாதம் உதவி திடீரென்று சரியும். ஊதிய உயர்வு இல்லாமலே இது நடக்கும்.

தென்றல்
வருமானம் மாறியதைத் தாமதமாகச் சொன்னால், கூடுதலாகக் கொடுத்ததைப் பின்னால் பிடிப்பார்கள். தெரிவித்த தேதியோடு ரசீதோ ஸ்கிரீன்ஷாட்டோ வைத்திருக்கச் சொல்லுங்கள். பிடித்தம் தாங்க முடியாத அளவு இருந்தால் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். பல திட்டங்களில் அதற்கு இடம் உண்டு. மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு, கடிதத்தில் தேடிப் பாருங்கள்.