பழைய செடானை டிராக்கில் ஓட்ட எதில் ஆரம்பிக்கலாம்?

கேள்வி:
அப்பாவின் 1.6 லிட்டர் மேனுவல் செடான் சும்மா நிற்கிறது. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்ட ஆசை, கையில் காசு குறைவு. முதலில் எக்ஸாஸ்டும் ஏர் ஃபில்டரும் மாற்றட்டுமா?

பதில்:
எக்ஸாஸ்ட் மாற்றினால் சத்தம்தான் கூடும். முதல் காசு பிரேக்குக்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 (DOT 4) என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் கொதிநிலை 155 வரை இறங்கலாம். நான் பழைய ஆயிலோடு போய், நாலாவது சுற்றில் அது கொதித்து ஆவியாகி, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை அமுங்கி, வண்டி மண்ணில் புதைந்துதான் நின்றது. பிரேக் ஆயில், பிரேக் பேட், டயர், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இன்னொரு பதில்:
சரியாகச் சொன்னார். கூடவே பின்சீட், ஸ்டெப்னி, ஜாக்கியைக் கழற்றி வையுங்கள், செலவே இல்லாமல் எடை குறையும். ஏர்பேக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். எஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் ஹோஸைப் பிதுக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஆயில் அளவுக்கம்பியின் மேல்கோடு வரை இருக்கட்டும், குறைந்தால் நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி எஞ்சினுக்குக் கிடைக்காமல் போய்விடும்.

கேட்டவர்:
இப்போதுதான் பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தேன், கறுத்துக் கிடக்கிறது. கடைசியாக எப்போது மாற்றினோம் என்று அப்பாவுக்கே நினைவில்லை!